கப்பலில் எந்த இடம்?

தஞ்சைப் பகுதியிலிருந்து மீட்டர் கேஜ் பாதையில் சென்னைக்கு வந்த ரயில்களெல்லாம் தாம்பரத்தைக் கடந்தே நகருக்குள் நுழைந்தன. 1931-இல் தாம்பரத்துக்கும் கடற்கரை நிலையத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியபின், பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ ஏறியவர் துறைமுகத்தின் அருகிலேயே இறங்கலாம் என்றாயிற்று. மலேயாவுக்குச் சென்ற நம் சபுராளிகளுக்குப் பயணத்தின் முதல் கட்டம் இந்தத் தண்டவாளம். அடுத்த கட்டம் கப்பல்.

அந்தக் கப்பல்களில் நம்மவர் நினைவில் நிலைத்தது 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கொடியின்கீழ், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறைகளோ மிகச் சில. ஆகவே, 'எந்த அறை நல்லது?' என்று கேட்கும் வாய்ப்பு விரல்விட்டு எண்ணத்தக்க செல்வர்களுக்கே இருந்தது. மற்றவர்கள் கேட்டது, 'எந்த மூலையில் பாயை விரிப்பது?' என்பதுதான். எனினும் இரண்டு கேள்விக்கும் விடை சொல்வது ஒரே கடல் அன்றோ!

பாய் விரிக்கும் இடத்துக்கும் சட்டம் அளவு வகுத்திருந்தது. ரஜூலா கட்டப்பட்ட அதே 1926-இல் உருவான சர்வதேச சுகாதார ஒப்பந்தம், ஹஜ்ஜுப் பயணி ஒருவருக்குக் கப்பலின் தளத்தில் பதினாறு சதுர அடி இடம் வேண்டும் என்றது. நான்கடிக்கு நான்கடி! ஆள் காலை நீட்டிப் படுத்தால், திரும்பிப் படுக்க அகலம் மூன்றடிகூட மிஞ்சாது. படுக்கை வசதியற்ற பயணிகளுக்காக 1931-இல் சிம்லா விதிகள் வந்தன. அவற்றின் இடத்தை 1971-ஆம் ஆண்டு ஒப்பந்தம் எடுத்துக்கொண்டது. மறைப்பை நாடிய குடும்பங்களைப் பற்றி இந்த அளவுகள் ஒன்றும் பேசுவதில்லை. அறைக்குப் பணம் இல்லாதவர்களுக்குச் சேலையும் போர்வையுமே சுவர்.

இனி, கடல் சொல்லும் விடைக்கு வருவோம். அலையில் கப்பல் ஏற்றப்பலகைபோல் ஆடுகிறது. அணியமும் பின்புறமும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை. பக்கவாட்டு ஆட்டமோ உயரம் கூடக்கூட மிகுதியாகத் தெரியும். எனவே வயிற்றைப் புரட்டாத இடம் நீர்மட்டத்தை ஒட்டிய கீழ்த்தளத்தின் நடுப்பகுதி. பின்புறத்தில் சுழல்விசிறியின் அதிர்வு வேறு சேரும். ஆனால், அசைவு குறைந்த அந்த இடத்தில்தான் எஞ்சினின் வெப்பமும் காற்றின்மையும். காற்று தேடி மேலே போனால் ஆட்டம். சுகமும் காற்றும் ஒரே இடத்தில் கிடைக்காது என்பதே நீராவிக் கப்பலின் நியதி.

எந்தப் பக்கம் என்பது இன்னும் சுவையான கேள்வி. ஆங்கிலத்தில் ஆடம்பரத்தைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல், 'போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம்' என்பதற்குரிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளில் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. வெயில் படாத அறைக்காகப் பி. அண்டு ஓ. கம்பெனியார் சீட்டில் அவ்வாறு முத்திரையிட்டனராம். அத்தகைய சீட்டு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. சொல்லாராய்ச்சியாளர்கள் இக்கதையை ஏற்பதில்லை. ஆயினும் நம் வழிக்கு அது பாதி பொருந்துவது வியப்பே. சென்னையிலிருந்து பினாங்கு ஏறத்தாழக் கிழக்குத் திசை, சற்றே தெற்கு. மார்கழி, தையில் கதிரவன் தெற்கே இருப்பதால் வெயில் வலப்பக்கம் விழும். வடகிழக்குக் காற்று இடப்பக்கம் வரும். ஆக, போகையில் இடம், திரும்புகையில் வலம். ஆனி, ஆடியிலோ கதிரவன் நம் தலைக்கு வடக்கே சாய்கிறான். காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. அப்போது கணக்கு தலைகீழ். கொண்டலும் கச்சானும் எப்போது மாறும் என்று அறிந்த நம் கரையோரத்து மரக்காயர்களுக்கு இதற்கெல்லாம் முத்திரை எதற்கு? ஒரு சிக்கல் மட்டும் உண்டு. காற்று வரும் பக்கமே அலை அறையும் பக்கம். கடல் பொங்கினால் கீழ்த்தளத்து வட்டச் சாளரங்களை மூடிவிடுவார்கள்.

தளத்தில் இடம் பிடிப்பது முந்தியவருக்கு உரியது. கப்பல் சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் நங்கூரமிடும்; அங்கே படகில் சென்று ஏறவேண்டும். அதற்குள் நல்ல நிழல்கள் சென்னைக்காரர் வசமாகியிருக்கும். நாகப்பட்டினம் பக்கத்தில் இருந்தும் ரயிலேறிச் சென்னை வந்து கப்பலேறுவதில் ஒரு நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். ஏறத்தாழ ஒரு வாரப் பயணமல்லவா!

1973-இல் ரஜூலா கைமாறி, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது. அதன் வழியில் ஓடிய 'சிதம்பரம்', 1966-இல் பிரான்சில் கட்டப்பட்டு 'பாஸ்தர்' என்ற பெயருடன் இருந்து, 1972-இல் இந்தியக் கப்பல் கழகத்திடம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். கப்பல் மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. புகை சூழும்போது, ஆட்டமில்லாத அடித்தளம்தான் வெளியேற அரிய இடமாகிறது. இடத்தைத் தேர்வதில் இதையும் எண்ணவேண்டும் என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. பம்பாயிலிருந்து ஜித்தா சென்ற ஹஜ்ஜுக் கப்பல்களும் 1995-உடன் நின்றன. இன்று பினாங்குக்கும் ஜித்தாவுக்கும் போகிறவர்கள், பல்லாவரத்து வீடுகளின் மேலாக மீனம்பாக்கத்திலிருந்து எழும்பும் விமானங்களில் போகிறார்கள்.

2022 ஜூனில் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டபோது, பழைய கேள்வி புது உடையில் திரும்பியது. அறைகளெல்லாம் குளிரூட்டப்பட்டவை, வெயில் பக்கம், காற்றுப் பக்கம் என்ற கணக்குக்கு இனி வேலையில்லை. உல்லாசக் கப்பல்களில் காட்சிக்காக மேல்தளத்து அறைகளுக்கே விலை அதிகம். சாளரமற்ற உள்ளறைகள் மலிவு; அவற்றுள் நடுக்கப்பலில், தாழ்ந்த தளத்தில் உள்ளவையே அலைக்கு அசையாதவை.