மறதியும் மதிப்பெண்ணும்

மாணவர்களே, சேரன்மகாதேவிப் பக்கத்தில் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரை நம்பி உழுதுவந்த முதியவர் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் பள்ளிக்கூடத்து வாயிலை மிதித்தறியாதவர். இன்று என்ன தேதி என்று கேட்டால் விழிப்பார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் சிரிப்பார். ஆனால், கார் நடவு எப்பொழுது, பிசானத்துக்கு நாற்றுப் பாவுவது எப்பொழுது, எந்த வயலுக்கு எந்த மடை என்பனவற்றைத் தடையின்றிச் சொல்லுவார். இவருக்கு மறதி நோய் உண்டா, இல்லையா? இதனை அறிய முயன்ற வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 1901-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவமனையில், 51 வயதான அகுஸ்தே என்னும் பெண்மணியை அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர் கண்டார். கணவர் பெயர் யாதென வினவியபோதும் அவர் தம் பெயரையே விடையாகக் கூறினார். வினாவையும் விடையையும் மருத்துவர் அப்படியே எழுதிவைத்தார். 1906-இல் அப்பெண்மணி இறந்தபின் அவரது மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, உயிரணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்குண்ட இழைகளும் இருக்கக் கண்டார். முதுமையின் இயல்பென்று தள்ளப்பட்டது மூளையின் நோயாகவும் இருக்கலாம் என்பது அதனால் விளங்கிற்று. 1910-இல் கிரேப்பலின் என்னும் அறிஞர் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

ஆனால், உயிரோடிருப்பவரின் மறதியை அளப்பது எப்படி? 1975-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு சோதனை உலகெங்கும் பரவிற்று. கழித்தல் கணக்குப் போடுதல், வாக்கியம் எழுதுதல், வடிவம் வரைதல் ஆகியன அதில் அடங்கும். நம் உழவர் அதில் தோற்பது திண்ணம். அத்தோல்வி மூளையைப் பற்றியதன்று, பள்ளியைப் பற்றியதாகும்.

இக்குறையை நீக்க நம் நாட்டிலேயே முயற்சி எழுந்தது. அரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களுக்கென அமைத்த இந்திச் சோதனை 1995-இல் வெளியாயிற்று. வாக்கியம் எழுதுவதற்கு மாறாக, தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லும்படி முதியவரைக் கேட்டனர். மாற்றம் சிறிது, நியாயம் பெரிது.

1998-இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் '10/66' என்னும் ஆய்வுக் குழுவைத் தொடங்கினர். மறதி நோயாளருள் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அவர்களைப் பற்றி நடைபெறவில்லை என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அக்குழுவின் ஆய்வுக்களங்களாயின. முதியவரை மட்டும் வினவாமல், அவரை நன்கறிந்த உறவினரிடமும், முன்பு செய்துவந்த எதனை இப்பொழுது செய்ய இயலவில்லை என்று கேட்டனர். எழுத்தறியாமையை நோயெனக் கொள்ளும் பிழை இதனால் குறைந்தது.

2023-இல் வெளியான நாடளாவிய கணக்கின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் 2018-இல் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்துச் சிற்றூர்களில் நெடுநாள் ஆய்வொன்றைத் தொடங்கிற்று. 45 வயதைக் கடந்த பதினாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது அதன் நோக்கம். முனைவர் பட்டத்திற்குப் பின்னரும் ஆய்வைத் தொடரும் இளைஞர்களுக்கு இத்துறையில் வேலை நிரம்ப உண்டு. நுண்ணோக்கியை ஆளும் திறத்தோடு, திண்ணையில் அமர்ந்து பொறுமையாகக் கேட்கும் பண்பும் அதற்கு வேண்டும்.

பல்லாண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். குறைந்த மதிப்பெண்ணைக் குறைந்த அறிவென்று நானும் சிலவேளை எண்ணியதுண்டு. அது தவறென்பதை இவ்வரலாறு எனக்கு உணர்த்திற்று. உங்கள் வீட்டுப் பாட்டி கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டால் நகையாடாதீர்கள். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடவும் வேண்டா. முன்பு செய்த எதனை அவர் இப்பொழுது செய்யத் தடுமாறுகிறார் என்பதைக் குறித்துவைத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அல்சைமர் அன்று எழுதிவைத்ததும் அத்தகைய குறிப்பேயன்றோ?