கல்லின் சொல்

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கெட்டுப்போவதற்கு ஒரே சொல் போதாது. சோறு ஊசிப்போகும், பழம் அழுகும், வைக்கோல் மக்கும், உத்தரம் உளுத்துப்போகும், வேட்டி நைந்துபோகும், ஏட்டுச்சுவடியைச் செல் அரிக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வீட்டுப் பாட்டிகள் சிரித்துவிடுவார்கள்.

இங்கிலீஷில் ‘டைலாபிடேட்டட்’ என்று ஒரு சொல். பாழடைந்த, சிதிலமான என்று அகராதி சொல்லும். நானும் ஓட்டைக் குடையிலிருந்து ஒடிந்த நாற்காலி வரை எல்லாவற்றுக்கும் அதைத் தாராளமாக வழங்கிவந்தேன். ஒருநாள் அதன் வேரைப் பார்த்தேன். லத்தீனில் ‘லாபிஸ்’ என்றால் கல். கல்லை வாரி இறைப்பதுபோல் உடைமையை இறைத்து அழிப்பது என்று மூலப்பொருள். பாதிரியார் தம் பொறுப்பிலுள்ள கட்டடத்தைப் பழுதாக விட்டால், இங்கிலாந்தின் மாதாகோயில் சட்டத்தில் அதற்கும் இந்தச் சொல்தான். இன்று அவர்கள் மரவீட்டுக்கும் இதைச் சொல்கிறார்கள், தப்பில்லை. ஆனால் வேரில் கல் இருக்கிறது, கல்லுக்குப் பின்னால் ஒரு கையும் இருக்கிறது.

அந்த நினைப்போடு அணைக்கரையைக் கடந்து கங்கைகொண்ட சோழபுரம் போனேன். ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம் கம்பீரமாக நிற்கிறது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. சுற்று மதிலைத்தான் பெரும்பாலும் காணோம். மழையும் ஆலம்விழுதும் மட்டும் செய்த வேலையல்ல அது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, இங்கிருந்த கருங்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று.

கோபம் வந்தது. ஆனால் திரும்பும்போது அணைக்கரையில் நின்றேன். இந்தத் தண்ணீர்தான் வடவாற்றின் வழியே வீராணத்தை நிரப்புகிறது; காட்டுமன்னார்கோயில் பக்கமெல்லாம் நெல்லாக விளைகிறது. அந்த அரிசியை நானும் தின்றிருக்கிறேன். கங்கைநீரைக் கொண்டுவந்து சோழகங்கம் என்று ஏரி வெட்டிய ராஜாவின் கல், கடைசியில் தண்ணீரைத்தான் கட்டிக்கொண்டு நிற்கிறது.

அதனால் செய்தது சரியாகிவிடாது. மலையிலும் கல் இருந்தது. ‘பாழடைந்த கோயில்’ என்று எழுதும்போது, அது தானே பாழடைந்ததுபோல் ஆகிவிடுகிறது. இப்போதெல்லாம் எழுதுமுன் ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்துகிறேன்: பாழானதா, பாழாக்கப்பட்டதா?