ஏழாவது ஐரோப்பிய நாடாளுமன்றமும் நாயக்கன்கொட்டாயும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் மக்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவை ஐரோப்பிய நாடாளுமன்றம். அதன் ஏழாவது பதவிக்காலம் 2009 ஜூலை 14 அன்று தொடங்கி, 2014 ஜூன் இறுதிவரை நீடித்தது. 27 நாடுகளிலிருந்து 736 உறுப்பினர்கள் தேர்வாயினர். 2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம், சட்டமியற்றுவதில் அவையின் அதிகாரத்தை விரிவாக்கியது.

தலித் விடுதலை நோக்கில் இப்பதவிக்காலம் முதன்மையானது. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைக் காரணம் காட்டி, தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஐந்து வாரங்களுக்குப் பின், டிசம்பர் 13 அன்று, இந்தியாவில் நிலவும் சாதியப் பாகுபாடு குறித்து இவ்வவை தீர்மானம் நிறைவேற்றியது. 268 வீடுகள் தாக்கப்பட்டது அதில் பதிவாகியுள்ளது. கையால் மலம் அள்ளும் கொடுமை தொடர்வது குறித்தும் அது கவலை தெரிவித்தது. 2013 அக்டோபர் 10 அன்று நிறைவேறிய மற்றொரு தீர்மானம், உலகெங்கும் சுமார் 26 கோடிப் பேர் சாதியால் பாதிக்கப்படுவதாக மதிப்பிட்டு, ஒன்றியத்தின் கொள்கைகளிலும் திட்டங்களிலும் சாதியப் பாகுபாட்டு எதிர்ப்பு இடம்பெற வேண்டுமெனக் கோரியது.

இவை எவரையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் அல்ல. சட்டத்தை முன்மொழியும் அதிகாரம் ஐரோப்பிய ஆணையத்திடமே உள்ளது. எரிந்த வீட்டைத் தீர்மானம் கட்டித் தராது என்பதை நாம் அறிவோம். ஆயினும், சாதி வன்கொடுமையை உள்நாட்டு விவகாரமென்று ஒதுக்குவோர்முன் நாம் எடுத்து வைக்கத்தக்க சான்றாவணங்கள் இவை.