பெட்ரோல் போனது, பெட்ரோல் வந்தது: பெரிய மாதிரி விமானங்களின் வரவு செலவு

பி.காம். படிக்கிறவனுக்கு விமானத்தோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் விமானம் கட்டியதும் இல்லை, ஓட்டியதும் இல்லை. ஆனால் ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் பெரிய மாதிரி விமானங்களின் வரலாற்றைப் படித்தபோது, எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் வரும் ஒரு விஷயம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

முதலில், எந்த விமானம் என்று சொல்லி விடுகிறேன். குழந்தைகள் விளையாடும் பொம்மை அல்ல. ஜெர்மனியின் வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்த எக்ஸ்ட்ரா 300 போன்ற நிஜ வான்சாகச விமானத்தை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவில் செய்தது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இரண்டரை மீட்டருக்கு மேல். எடை 11, 12 கிலோ. மூக்கில் 100 சிசி பெட்ரோல் எஞ்சின். நம்ம ஊர் 100 சிசி பைக்கின் எஞ்சின் கொள்ளளவு! இது தலைகீழாகப் பறக்கும், உருளும், மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

இந்த விமானம் ஏன் பெட்ரோலில் ஓடுகிறது? கேள்வி சாதாரணமாகத் தெரியும். பதில் அப்படி இல்லை. ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கு பெட்ரோலில் தொடங்கி, பெட்ரோலைத் தூக்கி எறிந்து, முப்பது வருடம் கழித்துத் திரும்பவும் அதனிடமே வந்திருக்கிறது.

ஆரம்பம்

1930களுக்கு முன் அமெரிக்க மாதிரி விமானப் போட்டிகளில் பறந்தவை பெரும்பாலும் முறுக்கிய ரப்பர் பட்டையில் ஓடியவை. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் பிலடெல்பியாவைச் சேர்ந்த பில் பிரௌன் சுமார் 10 சிசி அளவில் ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின் செய்தார். பிரௌன் ஜூனியர் என்று பெயர். அதைப் பொருத்தி மேக்ஸ்வெல் பாசெட் என்ற இளைஞர் பறக்கவிட்ட விமானங்கள் ரப்பர் விமானங்களை வெகு சுலபமாகத் தோற்கடித்தன. அதனால் பெட்ரோல் விமானங்களுக்குத் தனிப் பிரிவே வைக்க வேண்டி வந்தது.

ஆனால் அவை எல்லாம் விட்டால் விட்டதுதான். காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். சொந்தக்காரர் பின்னாலேயே ஓட வேண்டும். 1937ல் மிச்சிகன் மாநிலம் கலமசூவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் இதை மாற்றினார்கள். அவர்களுடைய 'கஃப்' என்ற விமானத்துக்கு 8 அடி இறக்கை, சுமார் 4 கிலோ எடை, ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், உள்ளே வெற்றிடக் குழாய் வைத்த ரேடியோ ரிசீவர். தரையிலிருந்து சொன்னபடி திரும்பியது. இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. 1960ல் சகோதரர்களே கொடுத்தது.

1947: பெட்ரோல் வெளியே போகிறது

பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். தீப்பொறிக்கு காயில் வேண்டும், கண்டென்சர் வேண்டும், பேட்டரி வேண்டும். எஞ்சினே உள்ளங்கையில் அடங்கும். ஆனால் இந்தப் பரிவாரத்தின் எடை எஞ்சின் எடையோடு போட்டி போடும். போதாததற்கு, ஒவ்வொரு தீப்பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம் மாதிரி. பக்கத்தில் இருக்கும் ரிசீவரின் காதில் ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும்.

1947ல் அமெரிக்காவின் ரே ஆர்டன் க்ளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்ளே சின்ன பிளாட்டினம் கம்பிச் சுருள். தொடங்கும்போது மட்டும் வெளியிலிருந்து ஒரு பேட்டரியை வைத்துச் சூடாக்கினால் போதும். அப்புறம் மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வேதிவினையும் எரியும் சூடும் சேர்ந்து கம்பியைத் தணலாகவே வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பறக்கலாம். காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாம் ஒரே நாளில் வேண்டாத சாமான்கள் ஆகின. ரேடியோ தொந்தரவும் போயிற்று. சில வருடங்களில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி விமான உலகில் பழங்கதை ஆனது.

எரிபொருள் மெத்தனால், மசகுக்கு ஆமணக்கெண்ணெய், வேகம் வேண்டுமென்றால் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். பெட்ரோலை விட விலை அதிகம். அதைவிடப் பெரிய விஷயம், ஒரு கிலோ மெத்தனாலில் இருக்கும் ஆற்றல் சுமார் 20 மெகாஜூல். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 44. ஒரே வேலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் மெத்தனால் ஊற்ற வேண்டும். ஆனால் யாரும் கவலைப்படவில்லை. ஏன்?

இங்கேதான் எங்கள் பாடப்புத்தகம் வருகிறது. நிலையான செலவு என்றால் உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாதது. கடை வாடகை மாதிரி. மாறும் செலவு உற்பத்தியோடு சேர்ந்து ஏறும், மூலப்பொருள் மாதிரி. விமானத்தில் ரூபாய்க்குப் பதிலாக கிராமில் கணக்குப் போடுங்கள். தீப்பொறிச் சாமான்கள் வாடகை. எரிபொருள் மூலப்பொருள். பெட்ரோலுக்கு வாடகை அதிகம், மூலப்பொருள் குறைவு. க்ளோ பிளக்குக்கு வாடகையே இல்லை, மூலப்பொருள் இரண்டு மடங்கு. சின்னக் கடைக்கு எது லாபம்? வாடகை இல்லாததுதான்.

1960ல் சுவிட்சர்லாந்தில் நடந்த முதல் ரேடியோ வான்சாகச உலகப் போட்டியும், அதற்குப் பின் வந்தவையும் இந்த நிலையை உறுதி செய்தன. அந்த விதிகளில் எஞ்சின் 10 சிசிக்கு மேல் போகக்கூடாது. எல்லாருடைய கடையும் சின்னக் கடையாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட மாதிரி!

லாஸ் வேகாஸும் மரம் அறுக்கும் எஞ்சினும்

அந்த நிலையைக் கலைத்தவர் ஒரு சூதாட்ட விடுதி முதலாளி. லாஸ் வேகாஸ் சர்க்கஸ் சர்க்கஸ் விடுதியின் பில் பென்னெட்டுக்கு மாதிரி விமானம் என்றால் உயிர். 1974ல் 'டோர்னமெண்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' என்ற போட்டியைப் பெரிய பரிசுப் பணத்தோடு தொடங்கினார். உலகப் போட்டி விமானங்கள் போட்டிக்கென்றே வரைந்த ஒல்லி உடம்புக்காரர்கள். பென்னெட் போட்டிக்கு வருகிறவை நிஜ வான்சாகச விமானத்தின் சாயலில் இருக்க வேண்டும். போகப் போகப் பெரிய விமானத்துக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் வந்தது. இதே 1974ல் சர்வதேச மினியேச்சர் ஏரோபேட்டிக் கிளப்பும் தொடங்கியது. நிஜ விமானிகள் போட்டியில் செய்யும் அதே சாகசங்களை, நிஜ விமானத்தின் சாயலுள்ள மாதிரியைக் கொண்டு செய்வது அதன் நோக்கம்.

பெரிசு ஏன் வேண்டும்? பார்க்க அழகு என்பது ஒன்று. இன்னொன்று காற்று. விமானத்தை மூன்றில் ஒன்றாகச் சுருக்கலாம். காற்றைச் சுருக்க முடியாது. சின்ன இறக்கைக்குக் காற்று கொஞ்சம் பிசுபிசுப்பானது மாதிரி. இறக்கை பெரிசாக ஆக, காற்று அதன் மேல் ஒழுங்காகப் போகும், விமானமும் சின்னக் காற்றுக்கெல்லாம் ஆடாமல் நிதானமாகப் பறக்கும்.

ஆனால் பெரிசாக்குவதற்கும் விலை உண்டு. நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. அந்த எடையைத் தூக்க க்ளோ எஞ்சின் குடிக்கும் மெத்தனால் கட்டுப்படி ஆகாது. அப்போது சிலர் கண்ணில் பட்டது காட்டில் மரம் அறுக்கும் செயின்சா. அதில் இருப்பதும் இலேசான இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்தானே! 1970களின் கடைசியில் குவாட்ரா என்ற 35 சிசி எஞ்சின் இந்த வழியில் பிரபலமானது. பிறகு ஜப்பானின் ஜெனோவா தன் ஜி-38, ஜி-62 எஞ்சின்களைத் தந்தது. இவை முரட்டு எஞ்சின்கள், கனம் அதிகம். ஆனால் உழைத்தன. கடைசியாக ஜெர்மனியின் 3டபிள்யூ, அமெரிக்காவின் டெசர்ட் ஏர்கிராஃப்ட் போன்றவர்கள் விமானத்துக்கென்றே எஞ்சின் செய்தார்கள். இன்று 100 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் சுமார் 2.6 கிலோதான்.

நம் கணக்கைத் திரும்பப் போடுவோம். இந்த அளவு விமானத்தில் பெட்ரோல் டேங்க் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எடை சுமார் 700 கிராம். அதே வேலைக்கு மெத்தனால் என்றால் சுமார் 2 லிட்டர். ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். தீப்பொறிக்கு எலெக்ட்ரானிக் பெட்டியும் பேட்டரியும் சேர்ந்து 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை கொடுத்த பிறகும் பெட்ரோலுக்கு அரைக் கிலோ லாபம். 1947ல் தோற்ற அதே வாடகை, கடை பெரிசானதும் ஒரு பொருட்டாகவே இல்லை. தொழில்நுட்பம் தோற்றது என்று சொல்கிறோமே, பல நேரங்களில் அது தோற்றது அந்த அளவில் மட்டும்தான்.

கட்டும்போது

லாபக் கணக்கு மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். ஆர்டன் துரத்திய பழைய எதிரி, அதாவது தீப்பொறியின் ரேடியோ இரைச்சல், பெட்ரோலோடு சேர்ந்து திரும்பி வந்தது. பெரிய விமானத்தைக் கட்டுகிற முறையில் பாதி இந்த எதிரிக்குப் பயந்து உண்டானது.

உடம்பு பால்சா மரமும் ஒட்டுப்பலகையும். இறக்கைகளை உடம்போடு சேர்ப்பது கார்பன் ஃபைபர் குழாய். மேலே சூட்டில் சுருங்கி இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் படலம். மூக்கில் தடித்த ஒட்டுப்பலகைத் தடுப்பு, அதில் எஞ்சின். ஸ்பார்க் பிளக்குக்கு உலோகப் பின்னல் உறை. தீப்பொறிப் பெட்டியும் அதன் பேட்டரியும் மூக்கில். ரிசீவர் முடிந்தவரை தள்ளிப் பின்னால். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி உலோகமாக இருக்கக்கூடாது, பிளாஸ்டிக். இல்லையென்றால் இரைச்சல் அதன் வழியே உள்ளே நடந்து வரும். பெட்ரோல் டேங்க் எடை மையத்தின் மேலேயே உட்காரும், பெட்ரோல் தீரத் தீர சமநிலை மாறாமல் இருக்க. ஐலரான், எலிவேட்டர், சுக்கான், எஞ்சின் எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு ஒன்பது சர்வோக்கள். ரிசீவருக்கு ஒன்றுக்கு இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச்.

எதற்கு இவ்வளவு ஜாக்கிரதை? 11 கிலோ விமானம் மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால் அதன் இயக்க ஆற்றல், 60 கிலோ மனிதர் ஏழு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். இது பொம்மை இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதற்காகத்தான். சிக்னல் போனால் எஞ்சின் தானாக அடங்க வேண்டும், தீப்பொறியைத் தரையிலிருந்தே நிறுத்த முடிய வேண்டும் என்பதெல்லாம் ஆடம்பரம் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவரின் உயிர்.

2005ல் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் வந்து, சில ஆண்டுகளில் பெரிய விமானங்களுக்கும் அந்த அலைவரிசை பரவியது. தீப்பொறி இரைச்சல் அவ்வளவு உயரத்துக்கு அதிகம் ஏறாது. குட் சகோதரர்கள் காலத்துப் பகை பெருமளவு தீர்ந்தது.

பென்னெட் அதைப் பார்க்கவில்லை. 2002ல் கடைசிப் போட்டி நடந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். ஆனால் அர்ஜென்டினாவின் கீகே சொமென்சினி போன்றவர்கள் அந்த மேடையில் காட்டிய, விமானத்தை மூக்கில் தொங்கவிட்டுச் சுழற்றும் வித்தைகள் உலகம் முழுக்கப் பரவிவிட்டன.

இப்போது க்ளோ பிளக்கின் நிலை என்ன? சின்ன விமானங்களை மின்மோட்டார் எடுத்துக்கொண்டது. பெரியவற்றில் பெட்ரோல். நடுவில் மாட்டிக்கொண்டது 1947ன் வெற்றியாளர். மின்சாரமும் பெரியவற்றுக்குள் நுழையப் பார்க்கிறது. ஆனால் ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் இருப்பது ஒரு மெகாஜூலுக்கும் குறைவு. மின்மோட்டார் ஆற்றலை வீணாக்குவது குறைவுதான், ஆனாலும் இடைவெளி பெரிசு. பறந்து முடித்த பிறகும் பேட்டரியின் எடை குறையாது. அது எந்தச் செலவில் சேரும், நிலையானதா மாறுவதா? காமர்ஸ் படிக்கும் நண்பர்கள் யோசித்துச் சொல்லுங்கள்.