கடலடியில் கிடந்த இரும்புக் கட்டிகள்

ஹைட்ராலிக்ஸ் லேபில் சின்னப் படகை மிதக்கவிட்டு, எடையை நகர்த்தி, மெட்டாசென்ட்ரிக் ஹைட் கண்டுபிடித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அடியில் கனம் போதாத கப்பல் நிலையாக நிற்காது. அதற்காக வைக்கும் பாரம்தான் பாலஸ்ட். அந்தப் பாரமே ஒரு கொடுமைக்குச் சாட்சி சொன்ன வரலாறு இது.

1794 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து 'சாவோ ஜோசே' என்ற போர்த்துக்கீசியக் கப்பல் புறப்பட்டது. சரக்குப் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் கட்டிகள். எதற்கு என்கிறீர்களா? மொசாம்பிக்கில் ஏற்றப் போகும் சரக்கு மனிதர்கள்! மற்றச் சரக்கைப் போலக் கனம் கிடையாது. அசையும். வழியில் செத்தால் கடலில் வீசிவிடுவார்கள், எடை குறையும். அதை ஈடுகட்டத்தான் இரும்பு.

ஐநூறுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களோடு பிரேசிலுக்குப் போன கப்பல், டிசம்பர் 27-ந் தேதி கேப்டவுன் அருகே பாறையில் மோதி உடைந்தது. கேப்டனும் மாலுமிகளும் தப்பினார்கள். அடிமைகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கிப் போனார்கள். பிழைத்தவர்களைச் சில நாட்களிலேயே கேப்டவுனில் விற்றுவிட்டார்கள்.

1980-களில் புதையல் தேடிப் போனவர்கள் இந்தச் சிதைவைப் பார்த்துவிட்டு, ஏதோ பழைய டச்சுக் கப்பல் என்று நினைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் இஸிகோ அருங்காட்சியக ஆய்வாளர் யாக்கோ போஷாஃப், விபத்து பற்றிக் கேப்டன் கொடுத்த வாக்குமூலத்தைக் கேப்டவுன் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பிடித்தார். லிஸ்பன் பட்டியலில் இருந்த இரும்பும் கடலடியில் கிடந்த இரும்பும் ஒத்துப்போயின. 2015-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்த ஜூன் மாதம், மொசாம்பிக் தீவிலிருந்து கொண்டுவந்த மண்ணை முக்குளிப்பவர்கள் அந்த இடத்தில் தூவினார்கள். இருநூற்று இருபது வருஷம் கழித்துச் சொந்த ஊர் மண் வந்து சேர்ந்தது!

கேப்டனின் பெயர் ஆவணத்தில் இருக்கிறது. மூழ்கியவர்களின் பெயர்ப் பட்டியல் இல்லை. அவர்களுக்காக ஏற்றிய இரும்புதான் மிச்சம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பாலஸ்ட் கணக்குப் போட்டவனும் நம்மைப் போலத் தொழில் தெரிந்தவன்தான். மனிதன் சாவதையும் எடைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறான். நாளைக்கு உங்கள் மேஜைக்கும் கணக்குகள் வரும். விடை சரியா என்று பார்ப்பதற்கு முன்னால், எதற்காகப் போடுகிறோம் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.