கேஸ் ஷீட் எழுத ஒரு தனி ஆள்: அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்கிரைப் பணியின் வரலாறு

அமெரிக்க மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டருக்கு இரண்டடி பின்னால், சக்கரம் வைத்த மேசையில் கணினியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வருவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர். அவர் நோயாளியைத் தொடமாட்டார்; மருந்து எழுதிக் கொடுக்கமாட்டார். டாக்டர் கேட்பதையும் நோயாளி சொல்வதையும் அங்கேயே நின்று கேஸ் ஷீட்டாக எழுதுவதுதான் அவர் வேலை. ஸ்கிரைப் என்று அழைக்கிறார்கள். கணினி வந்ததால் வந்த வேலை இது என்றுதான் பலரும் சொல்வார்கள். நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் அடுக்கிப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்கவில்லை. கணினிக்கு முன்பே ஸ்கிரைப் இருந்தார். அவரைத் தேவையாக்கியது கூட்டம், தொழிலாக்கியது பில். கணினி செய்ததெல்லாம் எண்ணிக்கையைப் பெருக்கியதுதான்.

1960 வரை அங்கே அவசர சிகிச்சைக்கென்று தனி டாக்டர் கிடையாது. பயிற்சி மருத்துவர்களும் பிற துறை மருத்துவர்களும் முறை வைத்துப் பார்த்தார்கள். 1961-இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா மருத்துவமனையில் ஜேம்ஸ் மில்ஸ் என்பவர் தம் சகாக்களுடன் முழுநேரமும் அந்தப் பிரிவையே பார்க்க ஒப்புக்கொண்டார். 1968-இல் அவசர மருத்துவர்களுக்கான தேசிய அமைப்பு உருவானது. 1970-இல் சின்சினாட்டியில் முதல் பட்டமேற்படிப்புப் பயிற்சி தொடங்கியது. 1979-இல் தனித் துறையாக ஏற்பும் கிடைத்தது. முழுநேர டாக்டர் என்றானதும் அவருடைய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை வந்துவிட்டது. அந்த மணி எழுத்து வேலையில் கரைகிறதே என்ற கணக்கும் கூடவே வந்தது. 1983-இல் 'அன்னல்ஸ் ஆஃப் எமர்ஜென்சி மெடிசின்' இதழில் வந்த ஒரு சிறு கட்டுரை, ஸ்கிரைப் முறையில் தங்களுக்குக் கிடைத்த ஐந்தாண்டு அனுபவத்தைப் பேசுகிறது. அதன் தலைப்பே நோயாளிகள் தேங்காமல் நகர்வதைப் பற்றியது. கணினித் திரை டாக்டரின் மேசைக்கு வராத காலம் அது.

கூட்டம் பிறகு இன்னும் கூடியது. 1986-இல் வந்த எம்டாலா சட்டம், பணம் கட்ட முடிந்தாலும் முடியாவிட்டாலும் வாசலுக்கு வந்தவரைப் பரிசோதித்து, ஆபத்தான நிலையில் இருந்தால் நிலைப்படுத்தியாக வேண்டும் என்றது. 1993 முதல் 2003 வரை வருகைகள் 26 விழுக்காடு உயர்ந்தன. அதே பத்தாண்டில் அவசர சிகிச்சைப் பிரிவுகளின் எண்ணிக்கையில் 425 குறைந்தது.

இந்த நெரிசலுக்கு நடுவில்தான் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் 1995 ஆவண விதிகள் வந்தன. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியைப் பார்த்ததற்கான கட்டணம் 99281 முதல் 99285 வரையிலான குறியீடுகளில் ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எந்தப் படி கிடைக்கும் என்பதில் டாக்டர் என்ன எழுதினார் என்பதற்குப் பெரிய பங்கு இருந்தது. நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேல்படி வேண்டுமானால் வலி எங்கே, எப்படிப்பட்டது, எவ்வளவு கடுமை, எப்போதிலிருந்து என்பன போன்ற விவரங்களில் குறைந்தது நான்கு பதிவாக வேண்டும். உடலின் உறுப்பு மண்டலங்களில் பத்தைப் பற்றியாவது கேட்டதாக இருக்க வேண்டும். பழைய நோய், குடும்ப நோய், புகை-மது பழக்கம் ஆகியவற்றில் இரண்டு வேண்டும். பரிசோதித்த மண்டலங்கள் எட்டு. கேட்ட மண்டலம் பத்துக்குப் பதில் ஒன்பதாகிவிட்டால் நோய் அதேதான், வைத்தியம் அதேதான். பில் மட்டும் ஒரு படி இறங்கிவிடும். நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அதற்கும் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

திறமையான ஸ்கிரைப் யார் என்பது இங்கேதான் தெரியும். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே போகிற போக்கில் 'வாந்தி உண்டா, மூச்சு வாங்குதா' என்று கேட்பார். நோயாளி இல்லையென்று தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டல் இரண்டு மண்டலங்களுக்கான பதில் என்று புரிந்து, வாந்தி இல்லை, மூச்சுத்திணறல் இல்லை என்று ஸ்கிரைப் உடனே பதிய வேண்டும். வலி தோளுக்குப் பரவவில்லை, வியர்க்கவில்லை என்ற 'இல்லை'கள் பின்னாளில் வழக்கு வந்தால் நீதிமன்றத்திலும் பேசும். வெளியே வந்ததும், எட்டாவது மண்டலம் விடுபட்டிருக்கிறது என்று டாக்டருக்கு நினைவூட்டுவார். கேட்காததைக் கேட்டதாக எழுதும் ஆசைக்கும் இந்த இடத்தில்தான் வாசல் திறந்தது. விதியே அதற்கு வழிவிட்டது என்பது என் கருத்து.

1990-களின் நடுவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில், ஸ்கிரைப்களை அமர்த்தித் தரும் பிஸ்அசிஸ்ட் நிறுவனம் முளைத்தது. 2000-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஸ்கிரைப்அமெரிக்கா வந்தது. இரு நிறுவனங்களும் ஆள் பிடித்த இடம் கல்லூரி வளாகம். மருத்துவக் கல்லூரியில் சேர அமெரிக்காவில் மதிப்பெண் மட்டும் போதாது; நோயாளிகளுக்கு அருகில் இருந்த அனுபவமும் வேண்டும். டாக்டர் எப்படி யோசிக்கிறார் என்பதை ராத்திரி ஷிப்டில் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும் என்றால், குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய சம்பளத்துக்கும் மாணவர்கள் வந்தார்கள். ஓரிரு வருடத்தில் கல்லூரியில் இடம் கிடைத்துப் போய்விடுவார்கள். அடுத்த அணி வரும். ஆள் நிலைக்காததையே முதலாக வைத்து நடந்த தொழில் இது. அனுபவத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்த ஏற்பாடு என்றும் சொல்லலாம். வீட்டு நிலைமையால் முழுச் சம்பளம் தேவைப்பட்ட மாணவருக்கு இந்த வாசல் அவ்வளவு எளிதாகத் திறந்திருக்காது.

கணினியின் கதை 2009-இல் வருகிறது. பொருளாதார மீட்புச் சட்டத்தின் பகுதியான ஹைடெக் சட்டம், மின்னணுப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கு ஊக்கத்தொகை தந்தது. அடிப்படை மின்னணுப் பதிவேடு வைத்திருந்த மருத்துவமனைகள் 2008-இல் 9.4 விழுக்காடு; 2015-இல் 83.8. பென்சில்வேனியாவில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, அவசர சிகிச்சை டாக்டரின் நேரத்தில் 43 விழுக்காடு தரவு பதிவதிலும் 28 விழுக்காடு மட்டுமே நேரடியாக நோயாளியிடமும் செலவாவதைக் கண்டது. பத்து மணி நேர ஷிப்ட் ஒன்றில் மௌஸ் கிளிக்குகள் ஏறக்குறைய 4,000. 2020-க்குள் ஒரு லட்சம் ஸ்கிரைப்கள் இருப்பார்கள் என்ற கணிப்பு இந்தச் சூழலில்தான் பிறந்தது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2012-இல் ஒரு கோடு போட்டது: ஸ்கிரைப் குறிப்பு எழுதலாம், மருந்துக்கோ பரிசோதனைக்கோ ஆர்டர் போடக்கூடாது. சரியான கோடுதான். குறிப்பில் உள்ள பிழையை டாக்டர் கையெழுத்துப் போடும்போது திருத்திவிடலாம். ஆர்டரில் உள்ள பிழை அதற்குள் நோயாளியின் நரம்பில் ஏறியிருக்கும்.

2015-இல் 'ஜாமா' இதழில் வந்த கட்டுரை ஒன்று, ஸ்கிரைப்கள் டாக்டரின் எரிச்சலைத் தாங்கிக்கொள்வதால் மோசமான மென்பொருளைத் திருத்தும் நெருக்கடியே குறைகிறது என்று வாதிட்டது. வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஐந்து அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2019-இல் 'பிஎம்ஜே' இதழில் வெளியான சோதனை வேறொன்றையும் காட்டுகிறது. ஸ்கிரைப் இருந்தபோது டாக்டர் பார்த்த நோயாளிகள் 15.9 விழுக்காடு கூடினார்கள்; நோயாளி அங்கே இருக்கும் மொத்த நேரம் 19 நிமிடம் குறைந்தது. அமெரிக்க பில் விதி இல்லாத ஆஸ்திரேலியாவிலும் பயன் இருக்கிறது. அப்படியானால் அந்த விதி உருவாக்கியது ஸ்கிரைப்பின் பயனை அல்ல, தொழிலின் பரிமாணத்தை.

இதே எழுத்து வேலையின் இன்னொரு கிளை நம் ஊருக்கும் வந்தது. அமெரிக்க டாக்டர் பகலில் பேசிப் பதிந்த டிக்டேஷனை, அவர் தூங்கும் நேரத்தில் சென்னையில் ஹெட்போன் மாட்டி அடித்த மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் தலைமுறை ஒன்று இருக்கிறது. பிறகு இணையம் வழியே நேரலையில் கேட்டு எழுதும் தொலைதூர ஸ்கிரைப் வேலையும் இந்தியாவுக்கு வந்தது.

2020 ஏப்ரலை ஒட்டிய நான்கு வாரங்களில், முந்தைய ஆண்டின் அதே வாரங்களை ஒப்பிட அமெரிக்க அவசர சிகிச்சை வருகைகள் 42 விழுக்காடு சரிந்தன. கூட்டத்தை நம்பிய வேலைக்கு அது முதல் அடி. 2023 ஜனவரி 1 முதல் 99281-99285 படிகளைத் தீர்மானிப்பதில் பத்து மண்டலம், எட்டு மண்டலம் என்ற எண்ணிக்கை போய்விட்டது. டாக்டரின் முடிவெடுப்பு எவ்வளவு சிக்கலானது என்பதே அளவுகோல் ஆனது. ஸ்கிரைப்பின் பாதி வேலைக்கு இருந்த காரணமே ஒரு விதித் திருத்தத்தில் மறைந்தது. அதே காலத்தில் அறையில் நடக்கும் பேச்சைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதும் செயற்கை நுண்ணறிவும் வந்து சேர்ந்தது. அந்த வகையில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022-இல் வாங்கி முடித்தது.

ஆனால் புதிய விதி கேட்பது பெரும்பாலும் அறைக்குள் பேசப்படுவதில்லை. நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்டு ஏன் ஸ்கேன் வேண்டாம் என்று முடிவு செய்தார், வீட்டுக்கு அனுப்புவதா படுக்கை கொடுப்பதா என்று எதை எடைபோட்டார் என்பதையெல்லாம் டாக்டர் நோயாளி எதிரில் விவரிப்பதில்லை. அறையை விட்டு வெளியே வந்து, அடுத்த நோயாளியிடம் போகும் வழியில், பக்கத்தில் வரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறார். அறைக்குள் வைத்த மைக்குக்கு அந்த நடை வழி எட்டாது.