365ஆம் பிரிவும் ஒரு ஆணுறையும்

வெள்ளவத்தையில இருந்து காலி வீதியால தெகிவளைக்குப் போய் உள்ளுக்குத் திரும்பினால் களுபோவில. கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை அங்கதான். எங்கட வீடுகளில பிரசவம், டெங்கு, முறிஞ்ச கை எண்டு எல்லாத்துக்கும் ஓடின இடம். அங்கே பாலியல் நோய்களுக்கான கிளினிக்கும் இருக்கு, காசு வாங்கமாட்டார்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிஞ்சு போனாலும் ஒரு கேள்வி வரும்: குதவழி உடலுறவு வைத்தீங்களா? "இல்லை" எண்டு சொல்லிவிட்டு வரத்தான் மனம் சொல்லும். அதுக்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. 1883ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் காரணம்.

மெக்காலேயின் வரைவிலிருந்து 1860இல் இந்தியாவுக்கு 377ஆம் பிரிவு வந்தது. அதே சரக்கை 1883இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 365 எண்டு இறக்கினார்கள். "இயற்கை ஒழுங்குக்கு மாறான" புணர்ச்சிக்குப் பத்து வருடம் வரை சிறை. ஒன்றைக் கவனியுங்கோ: அந்தப் பிரிவு ஆணோடோ பெண்ணோடோ எண்டுதான் சொல்லுது. கல்யாணம் முடிச்ச சோடியைக்கூட அது விட்டுவைக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற 365அ ஆண்களை மட்டும் குறிவைத்தது. 1995இல் அதைத் திருத்தினார்கள். நீக்கவில்லை, "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஆள்" எண்டு போட்டுப் பெண்களையும் சேர்த்தார்கள்! அதே 1995இல்தான் கொழும்பில் 'கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி' என்ற அமைப்பு தொடங்கி, ஒருபாலீர்ப்பு ஆண்களிடம் எச்.ஐ.வி. பற்றிக் கதைக்கத் தொடங்கியது. இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு எட்டு வருடம் கழிந்திருந்தது.

சட்டம் சுகாதாரத்தின்ர கையை எப்படிக் கட்டும் எண்டு பார்க்க டெல்லி திகார் சிறைக்குப் போகவேணும். 1994இல் அங்கே ஆண்களுக்கிடையில் உடலுறவு நடக்குது, ஆணுறை கொடுங்கோ எண்டு மருத்துவர்கள் சொன்னார்கள். சிறை நிர்வாகத்தின் தலைவியாக இருந்த கிரண் பேடி மறுத்தார். கொடுத்தால் 377இன் கீழான குற்றத்தை அங்கீகரித்ததாகிவிடுமாம். அதாவது, நோய் வந்தாலும் பரவாயில்லை, குற்றம் நடக்குது எண்டு ஒத்துக்கொள்ளக்கூடாது. ஏபிவிஏ என்ற எயிட்ஸ் பாகுபாட்டு எதிர்ப்பு அமைப்பு அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 377ஐ நீதிமன்றத்தில் எதிர்த்த முதல் மனு அதுதான். மனு பின்னர் தள்ளுபடியானது, ஆனால் 2001இல் நாஸ் பவுண்டேசன் அதே வாதத்தோடு திரும்ப வந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு செய்வது குற்றமில்லை எண்டு தீர்ப்பளித்தது. ஒரு ஆணுறைப் பெட்டியில் தொடங்கின கதை.

எங்கட பக்கம்? பொலிஸ் பிடித்த ஆட்களை மருத்துவரிடம் கொண்டுபோய் வலுக்கட்டாயமாகக் குதப் பரிசோதனை செய்வித்த சம்பவங்களை, ஈக்குவல் கிரவுண்டும் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச்சும் 2020இல் வெளிக்கொண்டுவந்தன. அந்தப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படையே கிடையாது. எனக்குக் கோபம் வாறது இதில்தான். மருத்துவர் சாட்சி தேடுறவராக மாறினால், நாளைக்கு வருத்தம் எண்டு ஆர் அவரிட்ட உண்மையைச் சொல்லுவினம்? 2023இல் உயர் நீதிமன்றம், 365ஐத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டது. சட்டமூலம் நிறைவேறாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது.

இத்தனை வருட மௌனத்தில் மறைஞ்சுபோனது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. குதத்தின் உட்சுவர் மெல்லியது, யோனி மாதிரி அதில் ஈரம் சுரக்காது. உரசினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், எச்.ஐ.வி. அதால இலேசாக உள்ளே போகும். உள்வாங்குகிறவருக்கு ஆபத்துக் கூட. ஆகவே ஆணுறை வேணும், தண்ணீர் அல்லது சிலிக்கன் கலந்த ஜெல்லும் வேணும். அம்மாவின்ர தேங்காயெண்ணெயும் வாஸ்லினும் சரிவராது, எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் கிழியும். குதத்திலிருந்து யோனிக்குப் போனால் ஆணுறையை மாத்தவேணும். வலிச்சால் நிறுத்தவேணும், மரக்கப்பண்ணும் கிரீம் பூசி வலியை மறைச்சால் காயம் தெரியாமல் போயிடும். ஆணுறை கிழிஞ்சால் 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது, கிளினிக்குக்குப் போய் பெப் மாத்திரை கேட்கலாம். முன்கூட்டியே எடுக்கிற பிரெப் மாத்திரையும் இருக்கு. எச்.பி.வி. தடுப்பூசி 2017இலிருந்து பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்குத்தான், பெடியங்கள் விடுபட்டுவிட்டோம்.

அந்தக் கேள்விக்கு "இல்லை" எண்டால் என்ன நடக்கும்? கொனோரியாவும் கிளமிடியாவும் குதத்தில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் அது தெரியாது, அங்கேயே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கவேணும். "ஓம்" எண்டு சொன்னால்தான் எடுப்பினம்.